மன்னார்ச் சிப்பியும் மாதிரிச் சோதனையும்

எழுத்திலுள்ள கூற்று மெய்யா என்பதை, அதிலுள்ள எடுத்துக்காட்டை மீண்டும் செய்து பார்த்தே துணிதல் வேண்டும். இந்நெறியை வணிக வழக்காகவே கொண்டிருந்தது மன்னார்க் கரையோரம். மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களை அடுத்த கடலில் அமைந்த முத்துப் பார்களே அதற்குக் களமாயின.

ஆங்கிலேயர் ஆட்சியில் முத்துக்குளிப்புக்கு முன்னர்ப் பார்கள் ஆராயப்பட்டன. மாதிரியாக எடுத்த சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களைத் துளையளவால் வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளிற் சலித்து, நிறுத்து மதிப்பிட்டனர். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபா என்னும் மதிப்பு அவ்வாறே பெறப்பட்டது. ஏலத்தில் வணிகர் விலை கூறியதோ திறவாத சிப்பிக்கு. ஆதலின் அவர்தம் முதல் முழுவதும் அம்மாதிரியின் நேர்மையையே பற்றி நின்றது.

எனினும், மாதிரி அது எடுக்கப்பட்ட நாளுக்கே சான்றாகும். 1902 மார்ச்சில் பேராசிரியர் ஹெர்ட்மன் பெரிய பாரில் எண்ணிறந்த இளஞ்சிப்பிகளைக் கண்டார். அவ்வாண்டு நவம்பரில் ஹோர்னெல் மீண்டும் ஆராய்ந்தபோது அவை அங்கு இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பு அவற்றை அழித்துவிட்டது. 1905ஆம் ஆண்டின் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கிடைத்தன. அவ்வளத்தை நம்பி 1906இல் ஒரு கம்பெனி பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஏற்றது. 1907க்குப் பின் வளம் குன்றியது. கம்பெனியும் தவணை முடியுமுன்னே கலைந்தது. பழைய விளைவு மெய்யே. நிலைத்த விளைவாக அதனைக் கொண்டதே பிழையாயிற்று.

இன்றைய கணினித் துறையிலும் இதனையொத்த சிக்கல் எழுந்தது. நிரலுக்குரிய விளக்கவுரையில் எடுத்துக்காட்டும் அதன் விடையும் எழுதப்படுகின்றன. நிரல் மாறியபின் உரை மாறாதிருப்பின் அது பொய்யுரையாகும். பைத்தன் மொழியில் டிம் பீட்டர்ஸ் இயற்றி, 2001இல் அம்மொழியின் 2.1 பதிப்பில் இடம்பெற்ற ‘டாக்டெஸ்ட்’ என்னும் கூறு, அவ்வெடுத்துக்காட்டுகளைத் தானே இயக்கி, பெற்ற விடையை எழுதிய விடையோடு ஒப்பிடுகின்றது.

ஆயினும், சி மொழியில் எழுதித் தொகுக்கப்பட்ட விரிவாக்கக் கூறுகள் திறவாத சிப்பி போன்றவை. அவற்றின் செயற்கூறுகளுக்குரிய விளக்கவுரைகளை அக்கருவி நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. சோதனை ஒன்றேனும் நிகழாமலே, பிழை இல்லை என்னும் தோற்றம் எழுந்தது. 2014இல் வெளிவந்த 3.4 பதிப்பிலேயே இக்குறை நீங்கிற்று.

பிழை காணப்படாமை வேறு, சோதிக்கப்பட்டமை வேறு. எத்தனை சிப்பி திறக்கப்பட்டது, எந்நாளில் திறக்கப்பட்டது என்னும் இரண்டையும் வினவிய பின்னரே மதிப்பை ஏற்றல் தகும். மன்னார் முத்துக்குளிப்பின் வரலாறு உணர்த்தும் இவ்வுண்மை நிரல் எழுதுவோர்க்கும் பொருந்துவதாகும்.