கூகைக்கட்டு: நோயறிவின் இரு வரலாறுகள்

உடுப்பிட்டி முதலான யாழ்ப்பாணக் கிராமங்களிலே பிள்ளையின் காதடியில் வீக்கங் கண்டால் அதனைக் கூகைக்கட்டு என்பர். தமிழகத்திலே அது பொன்னுக்கு வீங்கி எனப்படும்; நோயுற்ற பிள்ளைக்குப் பொன் நகை அணிவிக்கும் வழக்கமும் அங்குண்டு. இப்பெயர்கள் வீக்கத்தைக் குறித்தனவேயன்றி அதன் காரணத்தைக் குறித்தனவல்ல. காரணம் அறியப்பட்டமையும், அவ்வறிவின் பயன் கிராமத்துப் பிள்ளையை அடைந்தமையும் இரு வேறு வரலாறுகளாகும்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவரான ஹிப்போகிறற்றீசின் பெயரால் வழங்கும் நூலொன்று, தாசோஸ் தீவில் இந்நோய் பரவியதை விவரிக்கின்றது. காதடி வீக்கத்தோடு ஆண்களுக்கு விதை வீக்கமும் ஏற்பட்டமை அதிற் கூறப்பட்டுள்ளது. ஆயினும் காரணம் நெடுங்காலம் புலப்படவில்லை. 1848 முதல் மானிப்பாயிற் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 தொடக்கம் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரை அனுப்பிய அமெரிக்க மிஷன் உடுப்பிட்டியிலும் கல்விப்பணி புரிந்தது. மருத்துவம் தமிழிற் பேசத் தொடங்கிய அக்காலத்தில், இந்நோயின் காரணம் எம்மொழியிலும் அறியப்பட்டிருக்கவில்லை. நோயாளியின் உமிழ்நீரிலுள்ள வைரசே காரணமென்பதை, ஜோன்சன், குட்பாஸ்சர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1934இலேயே குரங்குகளிற் செய்த பரிசோதனைகளால் நிறுவினர்.

உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கம் யாவும் கூகைக்கட்டன்று. உண்ணும்போது தாடையடி வீங்கி வலித்தால், சுரப்பியின் கானிற் கல் அடைத்திருக்கலாம். உடலில் நீர் குன்றிய முதியோரின் சுரப்பியைப் பற்றீரியா தாக்குவதுமுண்டு. கூகைக்கட்டு பெரும்பாலும் பத்து நாட்களுள் தணியும். எனினும் சிலருக்கு மூளையுறை அழற்சி, கணைய அழற்சி, செவிப்புலன் இழப்பு ஆகியன நேரும். பருவமெய்திய ஆண்களுக்கு விதை வீக்கம் ஏற்படலாம். அதனாற் பூரண மலட்டுத்தன்மை உண்டாதல் அரிது. அரிதேயாயினும், பிள்ளைப்பேறின்மைக்குப் பெண்ணையே பழிக்கும் சமூகம் ஆணின் இளமைக்கால நோயை எண்ணிப் பார்ப்பதில்லை என்பது கருதத்தக்கது.

மொறிஸ் ஹில்மன் 1963இல் தம் மகளின் தொண்டையிலிருந்து எடுத்த வைரசைக் கொண்டு ஆக்கிய தடுப்பூசி, 1967இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்திலோ, சின்னமுத்து, ருபெல்லா என்பவற்றுக்கெதிரான மருந்துகளுடன் சேர்ந்து, 2011இலேயே அது இடம்பெற்றது. இடைப்பட்ட காலம் 44 ஆண்டுகள். இத்தாமதம் அறிவின் குறையாலன்று. அறிவின் பயன் உலகிற் பகிரப்படும் முறையால் விளைந்தது. இன்று பொன்னுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அரச மருத்துவ நிலையத்தில் அவ்வூசி கட்டணமின்றி இடப்படுகின்றது. பொதுச் சுகாதாரத்தைப் பேணுதல் ஏன் அவசியமென்பதற்கு இவ்வரலாறு ஒரு சான்றாகும்.