சுகிசகுரா ஓஜி: ஊராலய இணைப்பும் ஒருசாய் மரங்களும்

ஜப்பானின் கீ தீபகற்பத்தில், குமானோ மலைக்கோயில்களுக்குச் செல்லும் நாகாஹெச்சி யாத்திரைப் பாதையில் நொனாகா என்னும் மலைச்சிற்றூர் உள்ளது. அவ்வூரின் ஷிந்தோ ஆலயமே சுகிசகுரா ஓஜி. யாத்திரைப் பாதை நெடுகிலும் அமைந்த துணைக்கோயில்களுக்கு ‘ஓஜி’ என்பது பொதுப்பெயர்; ‘சுகிசகுரா’ என்பது ஒட்டுச் செர்ரி எனப் பொருள்படும். 1109இல் இவ்வழியே சென்ற அரசவைப் பிரபு ஃபுஜிவாரா நோ முனெதாதா, சைப்ரஸ் அடிமரத்தின்மேல் செர்ரி வளர்ந்திருந்த அருங்காட்சியைத் தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். ஆலயத்தின் பெயருக்கு மூலம் மரமே என்பது இங்குக் கருதத்தக்கது.

1906இல் மெய்ஜி அரசு ஆலய இணைப்புக் கொள்கையைத் தீவிரப்படுத்தியது. ஒரு கிராமத்திற்கு ஓர் ஆலயம் என்பது அதன் இலக்கு. அப்போது நாடெங்கும் ஏறத்தாழ 1,90,000 ஆலயங்கள் இருந்தன. 1914க்குள் சுமார் 70,000 மறைந்தன. வகயாமா, மியே மாகாணங்களில் இழப்பு மிகக் கடுமையாக இருந்தது. ஆலயம் நிலைக்க வேண்டுமெனில் நிலைநிதி காட்ட வேண்டும்; வகயாமாவில் அத்தொகை 5,000 யென் வரை உயர்த்தப்பட்டதாக மினகதா குமகுசு சாடினார். ஏழைச் சிற்றூர்களுக்கு இஃது எட்டாத தொகை. தெய்வம் வேற்றூருக்கு மாற்றப்பட்டதும் ஆலயக்காடு வெறும் விற்பனை மரமாகிவிடும். இணைப்பு இவ்வளவு விரைவாக நடந்தமைக்கு நிர்வாக ஒழுங்கைக் காட்டிலும் இம்மரவிலையே வலுவான காரணம் எனக் கொள்ளலாம்.

1909இல் சுகிசகுரா ஓஜியும் இன்று சிகானோ ஆலயம் எனப்படும் வேற்றிடத்துடன் இணைக்கப்பட்டது. அதன் சரிவில் நின்ற பெரும் தேவதாரு வகை மரங்கள் கிளைகளைத் தெற்கு நோக்கியே பரப்பியிருந்தமையால் ‘ஒருசாய் மரங்கள்’ எனப் பொருள்படும் பெயர் பெற்றவை. அவற்றின்மீது கோடரி விழத் தொடங்கியது.

தனாபே ஊரில் வாழ்ந்த இயற்கையியலாளர் குமகுசு, சளிப்பூஞ்சை ஆய்விற்காக ஆலயக்காடுகளை நாடியவர். எனினும் அவர்தம் எதிர்ப்பு தாவரங்களோடு நிற்கவில்லை. ஊர் ஒற்றுமை, மழைநீர்க் காப்பு, வரலாற்றுச் சான்று என அனைத்தும் ஒருசேர அழியும் என வாதிட்டார். 1910இல் இணைப்பை ஆதரித்த அதிகாரி கலந்துகொண்ட கூட்டத்திற்குள் அத்துமீறி நுழைந்து 18 நாள் காவலில் இருந்தார். 1911இல் அவருடைய கடிதங்களை யனகிதா குனியோ அச்சிட்டுப் பரப்பினார்.

ஒருசாய் மரங்களுள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே தப்பின. அவற்றின் நிழலில் ஆலயம் இன்று மீண்டும் வழிபாட்டில் உள்ளது. அதன்முன் செல்லும் பாதை 2004இல் உலக மரபுச் சின்னமாயிற்று. அதே பாதையில் அண்மையிலுள்ள சிகாசுயு ஓஜியும் அதே காலத்தில் இணைக்கப்பட்டதுதான். அங்குக் காடு வெட்டப்பட்டது. எஞ்சியிருப்பது பெயர் பொறித்த ஒரு கல்.