பெரட்டுக் களமும் பேராசிரியர் தராசும்

விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போதே யார் எங்கே நிற்க வேண்டும் என்பது முடிவாகியிருந்தது. ஆங்கிலேயர் காலத்துப் பேரா ரப்பர் தோட்டங்களில் வெள்ளைக்காரர்தான் துரை. யாழ்ப்பாணத் தமிழரோ மலையாளியோ கிராணி. பால் மரம் சீவியவர் தமிழகத்திலிருந்து கங்காணி மூலம் வந்தவர். சீனர் பெரும்பாலும் குத்தகைக்கு வந்தார். கூலியும் அவருக்குக் கூடுதல். ஓர் இனத்தார் வேலைநிறுத்தம் செய்தால் இன்னோர் இனத்தாரை வைத்துச் சமாளிக்கலாம் என்ற கணக்கும் துரைமாரிடம் இருந்தது.

பல இனத்தார் கூடி உழைக்கும் இடத்தை ஆராய்வது இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் தனித்துறையாக வளர்ந்துவிட்டது. அதற்கு இதைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்? ஆனால் நம் ஏடுகள் எப்படிப் பிரிந்தன என்று பாருங்கள். 1969இல் கெர்னியல் சிங் சந்து மலாயா இந்தியர் குடியேற்றத்தை எழுதினார். மறு ஆண்டே சின்னப்பா அரசரத்தினம், ரவீந்திர ஜெயின் ஆகியோரின் நூல்கள் வந்தன. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயலம்பக் கூலிகளையும் புதுக்கிராமங்களையும் பற்றிய பிரான்சிஸ் லோவின் நூல் 1988இல் வந்தது. எல்லாமே அரிய உழைப்பு. ஆனால் ரப்பர் என்றால் இந்தியர், ஈயம் என்றால் சீனர். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலாய், சீன, இந்திய ஆய்வியல் என்று தனித்தனிக் கூரைகள். பெரட்டில் துரை கிழித்த கோடு நூலக அலமாரி வரை வந்துவிட்டது!

அந்தக் கோட்டைத் தாண்ட நினைக்கும் இளம் விரிவுரையாளருக்குத் தமிழ், மலாய், ஒரு சீன மொழி, ஆங்கில ஆவணப் பயிற்சி எல்லாம் வேண்டும். வருடங்கள் ஓடும். பதவி உயர்வோ அவ்வளவு காலம் காத்திருக்காது. 2006இல் நான்கு பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்டன. அனைத்துலக அட்டவணையில் ஏறிய சஞ்சிகைக் கட்டுரைக்கு அங்கே மவுசு கூடியது. தமிழில் எழுதும் தோட்ட வரலாற்றுக்கு அந்தத் தராசில் எடை மிகக் குறைவு. தராசே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. அது இல்லாத இடத்தில் சிபாரிசு புகுந்துவிடும்.

கிந்தாவின் ஈயத்தையும் ரப்பரையும் எல்லாச் சமூகத்தாரையும் ஒன்றாக வைத்து கூ சல்மா நசுத்தியோனும் அப்துர் ரசாக் லுபிசும் எழுதிய பெருநூல் 2005இல் வந்தது. அதை வெளியிட்டது பல்கலைக்கழகம் அல்ல, ஈப்போவின் பேரா அகாடமி.

1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்று லயத்துச் சிறுவர்களாக இருந்தவர்களுக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பக்கத்துக் கொங்சியில் இருந்த சீனரின் பெயர் அந்த முதியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கலாம். கேட்கத்தான் ஆள் வேண்டும்.