வெட்டிவேர்: பெயரும் வேளாண் வழக்கும்

முன்னுரை

தமிழிலிருந்து பிரெஞ்சு மொழிக்கும் அதன் வழியே ஆங்கிலத்திற்கும் சென்ற சொற்களுள் ஒன்று வெட்டிவேர். வெட்டியெடுக்கப்படும் வேர் என இதற்குப் பொருள் கூறுவர். இப்பெயர் இப்புல்லின் ஒரு பயனை மட்டுமே சுட்டுகின்றது என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகின்றது.

அகழும் வழக்கு

நறுமண எண்ணெய், மருந்து, கோடைக்காலத் தட்டி, குடிநீருக்கு மணமூட்டல் ஆகிய அனைத்திற்கும் வேரை அகழ்ந்தெடுத்தல் வேண்டும். அகழப்பட்ட சரிவுநிலம் தளர்ந்து, மழையில் எளிதில் அரிக்கப்படுகின்றது.

நிறுத்தும் வழக்கு

கன்னடத்தில் இப்புல் ‘லாவஞ்ச’ எனப்படும். பெங்களூருக்குத் தென்மேற்கே, நீலகிரியை அடுத்துள்ள குண்டலுப்பேட்டைப் பகுதி உழவர்கள், வேரை எடுக்காது இதனை வயலெல்லையில் வேலியாகப் பல தலைமுறைகள் பேணினர். தூர்களைப் பிரித்து 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நட்டால், அவை நெருங்கி வளர்ந்து வேலியாகின்றன. அவ்வேலி ஓடும் நீரின் விசையைத் தணித்து வண்டலைத் தேக்குகின்றது. வேர் பக்கவாட்டில் பரவாது சுமார் 3 மீட்டர் ஆழம்வரை இறங்குவதால் அருகிலுள்ள பயிர் நலிவதில்லை.

1950களில் பிஜித் தீவில் இம்முறையைக் கையாண்ட ஜான் கிரீன்பீல்டு, 1980களில் உலக வங்கியின் சார்பில் இந்தியாவில் இதனைப் பரப்பினார். 1993இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழுமம் வெளியிட்ட நூல், குண்டலுப்பேட்டை உழவரின் வழக்கத்தையும் பதிவு செய்தது.

முடிவுரை

வேரை அகழ்ந்தோரின் தொழில் ஒரு சொல்லாகி உலகெங்கும் சென்றது. வேரை மண்ணில் நிறுத்தியோரின் அறிவு வயல்வரப்பிலேயே தங்கியது. எனவே வேளாண் வரலாற்றைச் சொல்லாய்வு கொண்டு மட்டும் எழுதுதல் நிறைவுடையதன்று. உழவர் வழக்காறுகளும் உடன் தொகுக்கப்பெறல் வேண்டும்.