மயிலும் முன்பணமும்

வாடகைப் பத்திரத்தை யாரும் ரசித்துப் படிப்பதில்லை. நான் படிப்பேன். அதில் வரும் ஒவ்வொரு 'கூடாது'க்கும் பின்னால் யாரோ ஒருவர் தூக்கம் கெட்ட கதை இருக்கும் என்பது என் நம்பிக்கை.

லண்டனில், தேம்ஸ் நதியை ஒட்டிய செல்ஸியில், செய்னி வாக் என்று ஒரு தெரு. கவிஞரும் ஓவியருமான தாந்தே கேப்ரியல் ரோஸெட்டி 1862 பிப்ரவரியில் மனைவியைப் பறிகொடுத்தார். அதே வருஷம் அக்டோபரில் அத்தெருவின் 16-ஆம் எண் வீட்டுக்குக் குடிவந்தார். பெரிய வீடு, பின்னால் பெரிய தோட்டம். அங்கே அவர் சேர்த்துக்கொண்ட துணை, பிராணிகள். ஆந்தை, கங்காரு, ரக்கூன், வாம்பட் என்று ஒரு மிருகக் காட்சிசாலையே கூடிவிட்டது. ஓடு போர்த்த அர்மடில்லோ மண்ணைக் குடைந்துகொண்டு அடுத்த வீட்டுத் தோட்டத்தில் தலைநீட்டியது. ஆனால் அத்தனையையும் மிஞ்சியது மயில்தான். முருகப் பெருமானைச் சுமக்கும்போது அது கம்பீரமான பறவை. நடுநிசியில் ஜன்னலுக்கு அருகே அகவினால் சங்கதி வேறு. அக்கம்பக்கத்தார் முறையிட்டார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர்களான கடோகன் பிரபு குடும்பத்தார் குத்தகைப் பத்திரங்களில் ஒரு ஷரத்தைச் சேர்த்தார்கள்: மயில் வளர்க்கக் கூடாது.

குற்றம் ஒரு வீட்டு மயிலுடையது. தண்டனையோ பின்னால் வந்த குடித்தனக்காரர் எல்லோருக்கும்!

பிற்காலத்தில் வேறொரு முறை வந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு நாயையும் பூனையையும் அனுமதிப்பது. காலி செய்யும்போது கதவில் கீறல், கம்பளத்தில் கறை என்று கணக்கெழுதிப் பிடித்துக்கொள்வது. குற்றம் சாட்டுகிறவரும் வீட்டுக்காரர். தீர்ப்புச் சொல்கிறவரும் அவரே. அபராதத் தொகையும் முன்கூட்டியே அவர் பெட்டியில். சொற்பத் தொகைக்காகக் கோர்ட்டுப் படி ஏறுகிறவர் எத்தனை பேர்?

இங்கிலாந்தில் இதை மாற்றியது 2004-ஆம் வருஷத்து வீட்டு வசதிச் சட்டம். அதன்படி 2007 ஏப்ரல் முதல், முன்பணம் அரசாங்கம் அங்கீகரித்த ஒரு திட்டத்தின் பாதுகாப்பில் இருக்கவேண்டும். தகராறு வந்தால், இரு தரப்பும் சம்மதித்தால், செலவில்லாமல் மத்தியஸ்தர் தீர்த்துவைப்பார். பணம் குடியிருந்தவருடையது; சேதத்தை நிரூபிக்கவேண்டியவர் வீட்டுக்காரர். குடிவந்த நாளின் ஜாபிதாவையும் காலி செய்த நாளின் ஜாபிதாவையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். பழைய கம்பளத்துக்குப் புதுக் கம்பளத்தின் விலை கிடைக்காது. நியாயமான தேய்மானம் போக மிச்சந்தான்.

2019-இல் வந்த சட்டம் முன்பணத்துக்கே வரம்பு கட்டியது. வருஷ வாடகை 50,000 பவுனுக்குக் குறைவானால், 5 வார வாடகைக்குமேல் வாங்கக்கூடாது. நாய்க்கென்று தனியாகவும் கேட்கக்கூடாது. 2025 அக்டோபரில் நிறைவேறிய குடியிருப்போர் உரிமைச் சட்டமோ, பிராணி வளர்க்க அனுமதி கேட்டால் தக்க காரணமின்றி மறுக்கக்கூடாது என்கிறது.

வீட்டுக்காரருக்கும் நஷ்டம் உண்டு. கதவைப் பிறாண்டிய நாய்க்கு உரியவர் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் 1869-இல் வாம்பட் இறந்தபோது, அதன் சமாதியருகே தாம் அழுவதாக ரோஸெட்டி ஒரு படம் வரைந்தார். ஒருவருக்குத் தொல்லையாக இருப்பது இன்னொருவருக்குத் துக்கம் ஆற்றும் துணை. அந்த இருவருக்கும் நடுவே கணக்குப் பார்க்கிறவர், பணத்தை மடியில் கட்டிக்கொண்டிருப்பவராக இருக்கலாகாது.