எது வெள்ளை? ஒளிப்படத்தில் நிறச் சமநிலை வளர்ந்த வரலாறு

1789ஆம் ஆண்டில் பாரிஸ் அறிவியல் கழகத்தில் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜ் எளிய சோதனை ஒன்றைச் செய்து காட்டினார். கூட்ட அறைக்கு எதிரே இருந்த வீட்டுச் சுவரில் சிவப்புத் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதைச் சிவப்புக் கண்ணாடியின் வழியே பார்க்குமாறு அவையினரை அவர் அழைத்தார். தாள் இன்னும் சிவந்து தோன்றும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால், அது வெளிறி, ஏறத்தாழ வெள்ளையாகத் தோன்றியது. கண் ஒரு பொருளிலிருந்து வரும் ஒளியை மட்டும் தனியே எடைபோடுவதில்லை. காட்சி முழுவதிலும் பரவியுள்ள ஒளியின் நிறம் இன்னதெனக் கணித்து, அதைக் கழித்துவிட்டே பொருளின் நிறத்தை முடிவு செய்கிறது என்பதே மோன்ஜ் கண்ட உண்மை. ஒளிப்படக்கலை பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்னரே அக்கலையின் பெருஞ்சிக்கல் ஒன்று இவ்வாறு அடையாளம் காணப்பட்டுவிட்டது.

குத்துவிளக்கின் சுடரருகே வைத்த வெள்ளை வேட்டியும் நண்பகல் வெயிலில் உலரும் அதே வேட்டியும் நமக்கு வெள்ளையே. உண்மையில் அவ்விரண்டிலிருந்தும் கண்ணுக்கு வந்து சேரும் ஒளி பெரிதும் வேறுபட்டது. இவ்வேறுபாட்டை இயற்பியலார் கெல்வின் என்னும் வெப்பநிலை அலகால் குறிப்பர். மெழுகுவர்த்திச் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின். பழைய குண்டு விளக்கு 2,800. நண்பகல் வெயில் 5,500. திறந்த வானத்தின் கீழுள்ள நிழல் 7,000க்கும் மேல். எண் உயர உயர ஒளி நீலமாகிறது. மஞ்சளை வெம்மை என்றும் நீலத்தைக் குளிர்ச்சி என்றும் பேசும் நம் வழக்கு இங்கே தலைகீழாகிவிடுவதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

கேமராவுக்கு இத்தகைய கணிப்பு இயல்பாக வாய்ப்பதில்லை. ஒளி எவ்வாறு வந்ததோ அவ்வாறே அது பதிவு செய்கிறது. கண் தானே செய்துகொள்ளும் திருத்தத்தைக் கருவிக்குக் கற்பிக்கும் முயற்சியையே ‘ஒயிட் பேலன்ஸ்’ என்கிறார்கள். அதனை நாம் இங்கு வெண்சமநிலை எனக் குறிப்போம்.

1861ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் முதல் வண்ண ஒளிப்படத்தைத் திரையிட்டார். கட்டமிட்ட ஸ்காட்லாந்து நாடா ஒன்றைத் தாமஸ் சட்டன் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வடிப்பான்களின் வழியே தனித்தனியே படமெடுத்திருந்தார். விந்தை என்னவெனில், அக்காலத்து ஒளிப்படத் தகடு சிவப்பு ஒளியை உணரவே இயலாதது. அப்படியிருக்க, சிவப்புப் பதிவு எவ்வாறு கிடைத்தது? நூறாண்டு கழித்து, 1961இல், கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த ரால்ஃப் எவன்ஸ் விடை கண்டார். நாடாவின் சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிர்களையும் எதிரொளித்தது. சட்டனின் சிவப்பு வடிப்பான் அவற்றையும் உட்புகவிட்டது. முதல் வண்ணப்படத்தின் சிவப்பு, கண்ணுக்குப் புலப்படாத ஒளியால் ஆனது! 1907இல் லூமியர் சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோகுரோம் தகட்டிலும் திருத்தம் தேவைப்பட்டது. அத்தகடு நீலத்தை மிகுதியாக உணர்ந்தமையால் வில்லையின் முன் மஞ்சள் வடிப்பான் ஒன்றைப் பொருத்த வேண்டியிருந்தது.

எவன்ஸ் நம் வரலாற்றுக்கு வேறொரு வகையிலும் இன்றியமையாதவர். வண்ண நெகட்டிவ் படச்சுருள் 1942இல் மக்களிடம் வந்தபோது, நிறத்தை முடிவு செய்யும் பொறுப்பு படமெடுப்பவரிடமிருந்து படம் கழுவிப் பிரதியெடுக்கும் நிலையத்துக்கு மாறியது. அங்கு வேலை செய்பவர் அந்தக் காட்சியை நேரில் கண்டவரல்லர். விருந்தில் அந்தச் சேலை மாம்பழ மஞ்சளா, எலுமிச்சை மஞ்சளா என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? 1946இல் எவன்ஸ் விண்ணப்பித்து 1951இல் பெற்ற காப்புரிமை இதற்கு ஒரு வழி கூறியது: பெரும்பாலான காட்சிகளில் உள்ள நிறங்கள் அனைத்தையும் கலந்தால் சாம்பல் நிறமே எஞ்சும், ஆகவே, ஒவ்வொரு படத்தின் சராசரியும் சாம்பலாக வருமாறு அச்சிட வேண்டும். பெரும்பாலான படங்களுக்கு இது பொருந்தியது. காட்சியை ஒரே நிறம் ஆட்கொள்ளும்போதுதான் இவ்விதி வழுக்கியது. பச்சைப் பசேலென்ற வயல்வெளியில் நிற்பவரைப் படமெடுத்தால், பச்சையைக் குறைக்கும் முயற்சியில் இயந்திரம் அவர் முகத்தில் செந்நீலச் சாயலை ஏற்றிவிடும்.

எனவே சராசரி மட்டும் போதவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி வேண்டியிருந்தது. அந்த மாதிரியாக ஒரு மனித முகம் தெரிந்தெடுக்கப்பட்டது. 1954இல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் முடிவில், படச்சுருளின் விலையோடு கழுவும் கட்டணத்தையும் சேர்த்து விற்கும் வழக்கத்தைக் கோடக் கைவிட நேர்ந்தது. தனியார் நிலையங்கள் பெருகின. அவற்றின் இயந்திரங்களைச் சீர்செய்ய அந்நிறுவனம் ஒப்பீட்டு அட்டைகளை அனுப்பியது. வண்ண ஆடை அணிந்த வெள்ளைத் தோல் பெண் ஒருத்தியின் படம் அதில் இருந்தது. முதலில் படத்துக்கு நின்ற பணியாளரின் பெயரால் அது ‘ஷெர்லி அட்டை’ எனப்பட்டது. பின்னர் வேறு பெண்கள் நின்றபோதும் பெயர் மாறவில்லை. அவள் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக உள்ளது என்று பொருள்.

அதே 1954இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒரே வகுப்புப் படத்தில் அமரத் தொடங்கிய காலத்தில், படச்சுருளும் அச்சும் ஒரு சாராரின் தோலுக்கே இசைவாக்கப்பட்டிருந்தன. வெளிர்ந்த முகங்கள் தெளிவாக விழ, கரிய முகங்களில் கண்ணும் பல்லும் மட்டுமே தெரிந்தன. இங்கு ஒரு வேறுபாட்டைச் சுட்டுவது நேர்மையாகும். இது வெண்சமநிலையின் குறை மட்டுமன்று. ஒளிக்கும் நிழலுக்கும் இடையில் படச்சுருள் எத்துணை வீச்சைத் தாங்கியது என்பதும் இதில் அடங்கும். ஆயினும், எந்த முகத்தை அளவாக வைத்துச் சோதிக்கிறோம் என்னும் தேர்வே இரண்டுக்கும் வேர்.

கனடிய ஊடக ஆய்வாளர் லோர்னா ரோத் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கோடக்கின் முன்னாள் பணியாளர்கள் கூறிய செய்தி ஒன்று பதிவாகியுள்ளது. பழுப்பு நிறங்களைப் படச்சுருள் பிரித்துக் காட்டவில்லை என்னும் குறையை நிறுவனம் கருத்தூன்றிக் கவனித்ததற்கு, சாக்லேட் தயாரிப்பாளரும் மரத் தளவாடம் செய்வோரும் அளித்த புகார்கள் முக்கியக் காரணமாம். கருஞ்சாக்லேட்டும் பால் சாக்லேட்டும் விளம்பரத்தில் ஒன்றுபோல் தெரிந்தால் வணிகம் என்னாவது? பெற்ற பிள்ளையின் முகம் வகுப்புப் படத்தில் காணாமல் போனதைவிடச் சாக்லேட்டின் குரல் உரக்க ஒலித்திருக்கிறது என்பதை வருத்தத்தோடு குறிக்க வேண்டியுள்ளது. கோடக் பல இனப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டையை வெளியிட்டது 1990களில்தான்.

இதற்கிடையில், 1976இல் மக்கமி, மார்கஸ், டேவிட்சன் ஆகிய மூவர் உருவாக்கிய மாக்பெத் நிற அட்டை அறிமுகமாயிற்று. 24 கட்டங்களைக் கொண்ட அவ்வட்டையின் முதற்கட்டம் கருந்தோலின் நிறம். இரண்டாவது வெளிர்தோலின் நிறம். கடைசி வரிசையில் வெள்ளை முதல் கறுப்பு வரை சாயலற்ற ஆறு படிகள். நிறத் திருத்தத்தின் வரலாற்றில் ஷெர்லி பெற்ற புகழை இவ்வட்டை பொதுமக்களிடம் பெறவில்லை. ஆயினும், இதுவே நேர்மையான அளவுகோல் என்பது நம் துணிபு.

மின்னிலக்கக் காலத்தின் அடித்தளமும் அதே 1976இல் இடப்பட்டது. கோடக்கின் பிரைஸ் பேயர் அவ்வாண்டில் காப்புரிமை பெற்ற ஒழுங்கின்படி, உணரியின் நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சையையும் ஒன்று சிவப்பையும் ஒன்று நீலத்தையும் உணரும். இன்றைய படக்கருவிகளில் பெரும்பாலானவை இவ்வொழுங்கையே பின்பற்றுகின்றன. திருத்தாத பதிவு பொதுவாகப் பச்சை படிந்திருக்கும். சிவப்பு, நீல மதிப்புகளைத் தக்க எண்களால் பெருக்குவதே வெண்சமநிலையின் கணக்கு. அவ்வெண்களைத் தானே கண்டுபிடிக்கும் இன்றைய முறைகளிலும் எவன்ஸின் சாம்பல் சராசரி ஓர் அடிப்படையாகவே வாழ்கிறது. ‘ரா’ வகைக் கோப்பில் பெருக்கும் எண்கள் குறிப்பாக மட்டுமே சேமிக்கப்படுவதால், படமெடுத்த பின்னும் அவற்றை மாற்றலாம்.

மனிதத் தோலை ஒரே முகத்தால் அளக்க இயலாது என்பதைப் பெருநிறுவனங்கள் இப்போது ஒப்புக்கொள்கின்றன. கரிய தோலின் சாயலை உள்ளபடி காட்டும் நோக்கில் கூகுள் 2021இல் தன் கைப்பேசிப் படக்கருவியைத் திருத்தியமைத்தது. சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்துப்படித் தோல்நிற அளவை அடுத்த ஆண்டில் அது வெளியிட்டது. இந்நுட்பம் தமிழுக்குப் புதிதன்று. சங்க அகப்பாடல்கள் தலைவியின் மாந்தளிர் போன்ற நிறத்தை மாமை எனப் போற்றின; பிரிவுத் துயரில் அது கெட்டுப் படரும் வெளிறிய மஞ்சளைப் பசலை என்றன. மாமைக்கும் பசலைக்கும் இடைப்பட்ட மெல்லிய மாற்றத்தைத் தோழி காண்பாள். ஷெர்லிக்கு இசைந்த இயந்திரம் காணாது. குண்டு விளக்கின் கீழ் வெயிலுக்குரிய வெண்சமநிலையில் படமெடுத்தாலோ, பிரிவென்பதே அறியாதவர் முகத்திலும் பசலை படர்ந்துவிடும்!

பள்ளியில் இதனைச் சோதிக்க விழையும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. வெண்சமநிலையை அமைக்கப் பலரும் அச்சுத்தாளை நீட்டுவதுண்டு. அது வெண்மையாகத் தோன்றுவதற்காக அதில் சேர்க்கப்படும் ஒளிர்பொருள், புற ஊதாக் கதிரை நீலமாக மாற்றி வெளியிடுகிறது. படக்கருவி அந்த நீலத்தை ஈடுகட்ட முனையும்போது முகங்கள் மஞ்சளிக்கின்றன. கடையில் கிடைக்கும் சாம்பல் அட்டை ஒன்றை வாங்கி, படமெடுக்கப்படும் மாணவரின் முகத்தருகே, அவர்மேல் விழும் அதே ஒளியில் பிடிக்கச் சொல்லுங்கள். அட்டையை வைத்து ஒன்று, தாளை வைத்து ஒன்று, தானியங்கி முறையில் ஒன்று என மூன்று படங்கள் போதும். அவற்றைத் திரையில் அருகருகே காட்டி, எந்தப் படத்தில் இருப்பது தம் முகம் என்பதைப் படத்திலுள்ள மாணவரிடமே முதலில் கேளுங்கள்.