பெரம்பூரில் பிறந்த சங்கம்

முதல் உலகப் போரின் கடைசி ஆண்டு. சென்னையில் அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் விலை ஏறிக்கொண்டே போயின. கூலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பெரம்பூர் பின்னி ஆலைகளில், அதாவது பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற இரு பஞ்சாலைகளில், மதியச் சாப்பாட்டுக்கு விட்ட நேரம் அரை மணி. அதற்குள் தறியை விட்டு வெளியே வந்து, கை கழுவி, தூக்குச்சட்டியைத் திறந்து, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே ஓட வேண்டும்.

இந்தக் குறைகளை முதலில் காதுகொடுத்துக் கேட்டவர்கள் பெரம்பூரில் கடை வைத்திருந்த கோ. செல்வபதி செட்டியாரும் கோ. இராமாநுஜுலு நாயுடுவும். வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பக்தி சபையை நடத்திவந்தவர்கள் அவர்கள். பஜனை கேட்க வந்த தொழிலாளர்களிடம் அந்தச் சபையிலேயே 1918 மார்ச்சில் திரு.வி.க. பேசினார். பிறகு இருவரும் அன்னி பெசன்ட் அம்மையாரின் நண்பர் பி.பி.வாடியாவைத் தேடிப் போனார்கள். வாடியா பம்பாய்ப் பார்சி, தமிழ் அறியாதவர். ஆனாலும் தொழிலாளர் சொன்னதை அக்கறையோடு கேட்டார். ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதையே பலரும் குறிப்பிடுகிறார்கள்.

வாடியா எடுத்த எடுப்பில் வேலைநிறுத்தத்துக்கு அழைக்கவில்லை. கேட்டது சாப்பாட்டு நேரம். அரை மணி நாற்பது நிமிடம் ஆனது. பத்து நிமிடம்தானே என்று நினைக்கத் தோன்றும். நின்றுகொண்டே விழுங்கியவன் உட்கார்ந்து சாப்பிட்ட பத்து நிமிடம் அது. கேட்டால் கிடைக்கும் என்ற தெம்பு ஆலைக்குள் நுழைந்ததும் அப்போதுதான்.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. கதவடைப்புகள் வந்தன. 1920 டிசம்பரில் போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். வேலையை விடும்படி தொழிலாளரைத் தூண்டியதாகச் சங்கத்தார் மீது கம்பெனி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட, உயர் நீதிமன்றம் தடையுத்தரவு தந்தது. வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகினால்தான் வழக்கு முடியும் என்ற நிலை வந்தது, அவரும் விலகினார். சங்கம் நடத்துவதே குற்றமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 18-ஆம் பிரிவு அப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து பதிவுபெற்ற சங்கங்களுக்குப் பாதுகாப்பு அளித்தது.

ஆனால் 1921-ஐச் சொல்லாமல் இந்தக் கதையை முடிப்பது நேர்மையல்ல. திரு.வி.க. முன்னின்ற அந்த ஆண்டின் நீண்ட வேலைநிறுத்தத்தில் சாதி இந்துக்களும் ஆதிதிராவிடர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின, வேலைநிறுத்தம் தோற்றது. சேரியின் பயத்தையும் பசியையும் தன்னுடையதாக எண்ணாத சங்கத்தை உடைப்பது எந்த முதலாளிக்கும் எளிது. இன்று சங்கம் கட்டுகிறவர்கள் 1918-ஐக் கொண்டாடும்போது 1921-ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும்.